உயர்தர கிராண்ட் பியானோவை மதிப்பிடப் பழகுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தர கிராண்ட் பியானோ ஒன்றின் விலையை முதன்முதலாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் திகைத்துத்தான் போகிறார்கள். ஸ்டெயின்வே நிறுவனத்தின் 274 சென்டிமீட்டர் நீளமுள்ள டி மாடலை அமெரிக்காவில் புதிதாக வாங்க இன்று ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலரோ அதற்கு மேலோ ஆகும். அதே கறுப்பும் அதே பளபளப்பும் கொண்ட சிறிய கிராண்ட் பியானோ ஒன்று அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கே கிடைத்துவிடுகிறது. இந்த வேறுபாட்டில் எவ்வளவு வேலைப்பாட்டுக்கு உரியது, எவ்வளவு பெயருக்கு உரியது என்று பிரித்தறிய ஒருவர் தேர்ந்த இசைக்கலைஞராக இருக்க வேண்டியதில்லை. எங்கே பார்ப்பது, எதைக் கேட்பது, யாரை உடன் அழைத்துச் செல்வது என்று தெரிந்தால் போதும். என் கணிப்பில் விலையின் நியாயமான பகுதி எளிதில் கண்ணில் படாத இரண்டு இடங்களில் இருக்கிறது. பொறுமையாக உலர வைத்த மரம் ஒன்று. கருவி பூட்டி முடிந்த பின் தொழில்நுட்பர் அதன்மேல் செலவிடும் நேரம் மற்றொன்று. கீழே வரும் படிகள் அந்த இரண்டையும் தேடிச் செல்பவை.

முதல் படி: பெயரையும் ஆலையையும் தனித்தனியே விசாரித்தல்

விரலால் அழுத்தும் கட்டைகளுக்கு மேலே பொன்னெழுத்தில் பொறித்த பெயரைப் பார்த்தவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 1853 என்பது இத்துறையில் ஒரு விந்தையான ஆண்டு: நியூயார்க்கில் ஸ்டெயின்வே, பெர்லினில் பெக்ஸ்டைன், லைப்ஸிக்கில் புளூத்னர் ஆகிய மூன்று நிறுவனங்களும் அந்த ஓராண்டிலேயே தொடங்கப்பட்டன. வியன்னாவின் போசன்டார்ஃபர் அவற்றுக்கும் மூத்தது, 1828-இல் தோன்றியது. இத்தாலியின் சசீலே ஊரில் 1981-இல் தொடங்கிய ஃபாசியோலி இவர்களில் மிக இளையது; இன்றும் ஆண்டுக்கு இருநூறுக்கும் குறைவான கருவிகளையே செய்கிறது. ஜப்பானின் யமஹா சி.எஃப்.எக்ஸ். மாடலும், கவாய் நிறுவனம் ஷிகெரு கவாய் என்ற பெயரில் தனியே செய்யும் வரிசையும் அதே தளத்தில் நிற்கின்றன.

ஒரே நிறுவனம் பல தரங்களில் பியானோ விற்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஸ்டெயின்வே வடிவமைத்து விற்கும் பாஸ்டன் பியானோக்களைச் செய்வது கவாய். எசெக்ஸ் பியானோக்கள் சீனத்தின் பேர்ல் ரிவர் ஆலையில் உருவாகின்றன. பெக்ஸ்டைனின் டபிள்யூ. ஹாஃப்மன் வரிசை செக் குடியரசில் செய்யப்படுகிறது. இவை தம் விலைக்கு நல்ல கருவிகளே. ஆயினும் தாய் நிறுவனத்தின் புகழைச் சொல்லி இவற்றை விற்பவரிடம் விலையில் கறாராக இருக்கலாம். எந்த ஆலையில், எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கேளுங்கள். இரும்புச் சட்டத்தின்மேல், கம்பிகளை இறுக்கும் சுருதி முளைகளுக்கு அருகில் வரிசை எண் இருக்கும். புகழ்பெற்ற நிறுவனங்களின் எண்ணைக் கொண்டு செய்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்டெயின்வேயிலேயே இரண்டு ஆலைகள் உண்டு. ஒன்று நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில். மற்றொன்று 1880-இல் தொடங்கிய ஹாம்பர்க் ஆலை. ஹாம்பர்க்கில், கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளியை இறுக அழுத்திச் செய்து பிறகு ஊசியால் குத்தித் தளர்த்துவது மரபு. நியூயார்க்கில் தளர்வாகச் செய்து பிறகு அரக்குக் கரைசலால் இறுக்குவது மரபு. ஆகவே ஒரே மாடலின் நாதம் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக இருக்கிறது. எது உயர்ந்தது என்ற வழக்குக்கு இங்கே தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

இரண்டாம் படி: நீளத்தைத் தீர்மானித்தல்

மந்திர ஸ்தாயிக் கம்பி குறுகினால் அதைத் தடிப்பாக்கித்தான் சுருதியைக் கீழே கொண்டுவர முடியும். தடித்த குட்டைக் கம்பியில் அடிப்படை ஒலியோடு சேர்ந்தெழும் மேலொலிகள் உரிய இடத்திலிருந்து விலகுவதால் ஒலி கலங்கலாகிறது. 150 சென்டிமீட்டருக்கும் குறைந்த கிராண்ட் பியானோவைவிட, கம்பிகள் செங்குத்தாக நிற்கும், 130 சென்டிமீட்டர் உயரமுள்ள நல்ல அப்ரைட் பியானோ மந்திர ஸ்தாயியில் தெளிவாக ஒலிப்பது இதனால்தான். தோற்றத்துக்காகக் குட்டை கிராண்ட் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டெயின்வே வரிசை 155 சென்டிமீட்டர் எஸ் மாடலில் தொடங்கி 170, 180, 188, 211, 227 என்று வளர்ந்து 274-இல் முடிகிறது. இவற்றில் 211 சென்டிமீட்டர் பி மாடல் பெரிய வரவேற்பறைக்கும் இசைப்பள்ளிக்கும் ஒருசேரப் பொருந்துவதால் பலரும் அதையே நாடுகிறார்கள். போசன்டார்ஃபர் இம்பீரியல் 290 சென்டிமீட்டர். வழக்கமான 88 கட்டைகளுக்குக் கீழே இன்னும் ஒன்பது சேர்த்து 97 கட்டைகள். வாசிப்பவர் தடுமாறாதிருக்க அந்தக் கூடுதல் கட்டைகளுக்கு முழுக்கக் கறுப்புப் பூசியிருப்பார்கள். ஃபாசியோலியின் எஃப்308 அதனினும் நீளமானது. இவையெல்லாம் அரங்குகளுக்கு உரியவை. சிறிய அறையில் வைத்தால் காதுக்குச் சுமையாகிவிடும்.

மூன்றாம் படி: மூடியைத் திறந்து உள்ளே பார்த்தல்

இந்தப் படியில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்டெயின்வே கிராண்டில் சுமார் 12,000 உறுப்புகள் உள்ளன. செய்து முடிக்க ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கிறது. அந்த ஓராண்டில் கணிசமான பகுதி மரம் வெறுமனே காத்துக் கிடக்கும் காலம் என்பதைப் புதியவர்கள் அறிவதில்லை. வெட்டிய மரத்தைத் திறந்த வெளியில் அடுக்கி நீண்ட காலம் காற்றில் உலரவிட்டு, பின்னர் சூட்டறையில் ஈரத்தைக் கட்டுப்பாட்டுடன் குறைத்து, அதன் பிறகே உளி வைக்கிறார்கள். போட்ட முதல் அத்தனை காலமும் மரக்கிடங்கில் முடங்கிக் கிடக்க வேண்டியிருப்பதால் மலிவான கருவி செய்பவர் முதலில் குறைப்பது இந்தக் காத்திருப்பைத்தான். அதன் விளைவு விற்பனைக்கூடத்தில் தெரியாது. சில பருவங்கள் கடந்த பிறகு, கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகையில் விரிசலாகவும், சுருதி நிற்காத முளைகளாகவும் வெளிப்படும்.

முதலில் பியானோவின் வளைந்த வெளிச்சுவரைப் பாருங்கள். ஸ்டெயின்வேயில் கடினமான மேப்பிள் மரத்தின் மெல்லிய நீண்ட பட்டைகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். டி மாடலில் 18 அடுக்குகள் வரை வரும். பசை காய்வதற்குள் ஒரு குழுவாகத் தூக்கிச் சென்று, பியானோ வடிவிலான பெரிய அச்சைச் சுற்றி ஒரே மூச்சில் வளைத்து இறுக்கிவிடுவார்கள். உட்சுவரும் வெளிச்சுவரும் சேர்ந்தே வளைகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தியோடர் ஸ்டெயின்வே காப்புரிமை பெற்ற முறை இது. வளைத்த சுவரை அச்சிலிருந்து எடுத்ததும் அடுத்த வேலைக்கு அனுப்பாமல், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய அறையில் வாரக்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். இறுகிய சுவர் அதிர்வை உறிஞ்சாமல் ஒலிப்பலகைக்கே திருப்பியனுப்ப வேண்டும் என்பது இந்த அமைப்பின் எண்ணம்.

போசன்டார்ஃபர் இதற்கு நேரெதிராக நினைக்கிறது. ஒலிப்பலகைக்கு உரிய ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தையே வெளிச்சுவருக்கும் பயன்படுத்தி, கருவியின் உடல் முழுவதையும் அதிரவிடுகிறது. முன்னது பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை பாயும் ஒலியைத் தருகிறது; பின்னது உருண்டு திரண்ட, இதமான ஒலியைத் தருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர் இந்த வேறுபாட்டை மறக்க மாட்டார்.

அடுத்தது ஒலிப்பலகை. ஸ்ப்ரூஸ் எடை குறைந்தும் விறைப்பு மிகுந்தும் இருப்பதால் அதிர்வு அதில் விரைந்து பரவுகிறது. குளிர்ப் பகுதிகளில் மெதுவாக வளர்ந்து ஆண்டு வளையங்கள் நெருங்கிய மரங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஃபாசியோலி தன் மரத்தை வட இத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்கிலிருந்து பெறுகிறது. நியூயார்க் ஸ்டெயின்வே சிட்கா ஸ்ப்ரூஸைப் பயன்படுத்துகிறது. பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டங்கள் பதித்து, நடுவில் மெல்லிய மேல்வளைவு இருக்கும்படி செய்கிறார்கள். வீணையின் குதிரையைப் போல, கம்பிகளின் அதிர்வைப் பலகைக்குக் கடத்தும் நீண்ட மரப் பாலம் அதன் மேல் அமர்கிறது. 1936-இல் ஸ்டெயின்வே காப்புரிமை பெற்ற பலகை நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்திருக்கும். விளிம்பு தளர்வாக அசைய இது உதவுகிறது. மலிவான கருவிகளில் ஒட்டுப்பலகையை வைக்கிறார்கள். அது எளிதில் வெடிக்காது. ஆனால் நல்ல ஸ்ப்ரூஸ் தரும் நாதத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஒலிப்பலகை முழுமரமா, ஒட்டுப்பலகையா என்பதை வாய்ச்சொல்லாக ஏற்காமல் விவரத்தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

புளூத்னரின் உச்ச ஸ்தாயியில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பிகளோடு நான்காவதாக ஒன்று இருப்பதைக் காணலாம். சுத்தியல் அதைத் தொடுவதில்லை. மற்ற மூன்றும் ஒலிக்கும்போது அது தானாக அதிர்ந்து ஒலிக்கு மினுமினுப்பைச் சேர்க்கிறது. 1873 முதல் அந்த நிறுவனத்தின் அடையாளமாக இருக்கும் ஏற்பாடு இது.

கம்பிகள் மொத்தம் 230 அளவில் இருக்கும். அவற்றின் கூட்டு இழுவிசை ஏறத்தாழ 20 டன். இதைத் தாங்குவது பொன்வண்ணம் பூசிய வார்ப்பிரும்புச் சட்டம். சுருதி முளைகள் இரும்பில் திருகப்பட்டவை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் சட்டத்துக்கு அடியிலுள்ள பல அடுக்குக் கடினமரத்தாலான முளைக்கட்டையில், உராய்வு ஒன்றையே நம்பி அவை நிற்கின்றன. அந்தக் கட்டை தளர்ந்தால் எந்த டியூனராலும் சுருதியை நிறுத்த முடியாது.

இனி, விரலுக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள பொறியமைப்பு. கம்பியைச் சுத்தியலால் தட்டிவிட்டு உடனே விலகும் ஏற்பாட்டை ஃப்ளாரன்ஸ் நகரில் 1700 வாக்கில் உருவாக்கியவர் பார்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி. கட்டை முழுவதும் மேலே வராமலே அதே சுரத்தை மறுபடி தட்ட வழி செய்தவர் பாரிஸின் செபாஸ்டியன் எரார். 1821-இல் காப்புரிமை பெற்ற அந்த ஏற்பாடுதான் இன்றைய கிராண்டின் அடிப்படை. கட்டை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இறங்க, சுத்தியல் 45 மில்லிமீட்டர் அளவுக்கு எழுகிறது. கம்பியைத் தொட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே பிடி விடுபட்டு, எஞ்சிய தொலைவைத் தன் வேகத்திலேயே கடக்கிறது. 88 கட்டைகளிலும் இந்த அளவுகள் ஒன்றுபோல் அமைய ஒவ்வொன்றையும் திருகித் திருகிச் சரிசெய்யும் வேலைக்கு ரெகுலேஷன் என்று பெயர். அதன்பின் சுத்தியலின் கம்பளியை ஊசியால் குத்தி, ஒவ்வொரு சுரத்தின் ஒலி நிறத்தையும் பக்கத்துச் சுரத்தோடு ஒத்துப்போகச் செய்வது வாய்சிங். ஓர் ஊசிக்குத்து அதிகமானால் ஒலி மழுங்கிவிடும். பிறகு மீட்பது எளிதன்று. அனுபவசாலிகளிடம் மட்டுமே ஒப்படைக்கும் இந்த இரண்டு வேலைகளும் விவரத்தாளில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. விலையில் மட்டும் இருக்கின்றன.

நான்காம் படி: காதால் சோதித்தல்

வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். முதலில் பாட்டு வேண்டாம். கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு சுரத்தையும் ஒரே அழுத்தத்தில், மெதுவாக, தனித்தனியே ஒலிக்கச் சொல்லுங்கள். செம்பு சுற்றிய கம்பிகள் முடிந்து வெறும் எஃகுக் கம்பிகள் தொடங்கும் இடத்தில் குரல் மாறக் கூடாது. சுமாரான வடிவமைப்பு முதலில் அங்கேதான் அகப்படும். நடு ஸ்தாயிக்கு மேலே இரண்டாவது ஸ்தாயியில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்து, ஒலி எவ்வளவு நேரம் பாடுகிறது என்று கவனியுங்கள். சிறந்த ஒலிப்பலகை அந்தப் பகுதியிலும் ஒலியைத் தாங்கி நிறுத்தும். சாதாரணமானது தட்டென்று ஒலித்து அடங்கிவிடும். பிறகு மிக மென்மையாக வாசிக்கச் சொல்லுங்கள். உரக்க ஒலிப்பது பல பியானோக்களுக்குக் கைவரும். கிட்டத்தட்டக் கேட்காத அளவுக்கு மென்மையாக, ஒரு சுரமும் விடுபடாமல் ஒலிப்பதுதான் உயர்தரக் கருவிக்கு வைக்கும் கடினமான தேர்வு. ஒரே கட்டையை விரைந்து பலமுறை தட்டுவதும், இடது பெடலை மிதித்து ஒலியின் நிறம் மாறுகிறதா என்று கேட்பதும் இதோடு சேரும்.

ஒரே மாடலில் இரண்டு கருவிகளை ஒப்பிட வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். மரம் மரமாகத்தான் இருக்கும். ஒரே வாரத்தில் ஒரே கைகள் செய்தாலும் இரண்டும் ஒன்றாக ஒலிக்காது. நியூயார்க்கிலும் ஹாம்பர்க்கிலும் ஒரே மாடலின் சில பியானோக்களை வரிசையாக நிறுத்தி, வாங்குபவரே தேர்ந்துகொள்ள அறைகள் வைத்திருப்பது இதனால்தான்.

ஐந்தாம் படி: பழைய கருவியானால் கூடுதல் சோதனை

பழைய உயர்தர கிராண்டை வாங்கும் முன், விற்பவரோடு தொடர்பில்லாத தொழில்நுட்பர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துச் சோதிக்கச் செய்வதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். அவர் ஒலிப்பலகைக்கு அடியில் குறுக்காக ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் மேல்வளைவு எஞ்சியிருக்கிறது. பலகையில் ஒரு விரிசல் இருந்தாலே கருவி பாழ் என்பதில்லை. அடிச்சட்டங்களிலிருந்து பலகை பிரிந்து இரையத் தொடங்கினால்தான் கவலை. முளைகளின் இறுக்கம், சுத்தியல் முனையில் கம்பிகள் பதித்த பள்ளத்தின் ஆழம், பாலத்தில் வெடிப்பு ஆகியவற்றையும் அவர் சொல்ல வேண்டும்.

“புதுப்பிக்கப்பட்டது” என்ற சொல்லுக்கு வரையறை இல்லை. மெருகு ஏற்றிக் கம்பி மாற்றியதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒலிப்பலகை, முளைக்கட்டை, சுத்தியல்கள் அனைத்தையும் மாற்றியதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். எது மாற்றப்பட்டது, யாருடைய உறுப்புகள், எந்த ஆண்டில் என்று எழுத்தில் பெறுங்கள். நியூயார்க்கில் 1962 முதல் 1980களின் தொடக்கம் வரை செய்த ஸ்டெயின்வேக்களில் பொறியமைப்பின் அச்சுத் துளைகளில் கம்பளித் துணிக்குப் பதிலாக டெஃப்லான் என்ற வழுவழுப்பான செயற்கைப் பொருளை வைத்தார்கள்; ஈரம் ஏறி இறங்கும்போது மரம் மட்டும் சுருங்கி விரிவதால் சிலவற்றில் கிளிக் ஒலி எழுந்தது. அது பின்னர் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். மிகப் பழைய கருவிகளின் வெள்ளைக் கட்டைகளில் யானைத் தந்தம் பதித்திருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் முன்துண்டும் பின்துண்டும் சேரும் மெல்லிய கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். 1989-இல் பன்னாட்டுத் தந்த வணிகத்துக்குத் தடை வந்த பிறகு, அத்தகைய பியானோவை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது சட்டச் சிக்கலாகிவிட்டது.

ஆறாம் படி: மதிப்பு என்ற பேச்சைத் தணிக்கை செய்தல்

விலையுயர்ந்த பியானோவை முதலீடு என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. புதிய கருவி கடையை விட்டு வெளியேறியதும் மதிப்பில் ஒரு பகுதியை இழக்கிறது. பல பத்தாண்டுகள் கடந்து அதே மாடலின் புதிய விலை ஏறும்போது பழையதன் விலையும் சேர்ந்து ஏறலாம். ஆனால் இடைப்பட்ட காலத்தின் பராமரிப்பு, காப்பீடு, பணவீக்கம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். புகழ்பெற்ற கை பட்ட கருவியின் ஏல விலை வேறு கணக்கு. ஜான் லென்னனிடம் இருந்த ஒரு ஸ்டெயின்வே அப்ரைட்டை 2000-ஆம் ஆண்டில் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் பதினான்கு லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கினார். அந்தத் தொகையில் தச்சு வேலையின் பங்கு மிகச் சிறிது. அரிய மரங்களின் மேற்பூச்சு, சித்திர வேலைப்பாடு, தானே இசைக்கும் மின்னணு அமைப்பு ஆகியவையும் விலையைப் பெரிதாக உயர்த்துகின்றன. விருப்பமிருந்தால் வாங்கலாம்; இவற்றால் நாதம் ஒரு இழையும் கூடுவதில்லை.

ஏழாம் படி: ஏற்றி இறக்குதலும் வீட்டு வானிலையும்

211 சென்டிமீட்டர் பி மாடல் ஏறத்தாழ 345 கிலோ. டி மாடல் கிட்டத்தட்ட அரை டன். கால்களைக் கழற்றி, பக்கவாட்டில் நிறுத்தி, பலகையில் கட்டித்தான் கொண்டுசெல்ல வேண்டும். பியானோ ஏற்றிப் பழகாத ஆட்களிடம் இதை ஒப்படைக்கலாகாது. பழகியவர்களிடமும் விபத்து நேர்வதுண்டு: 2020 தொடக்கத்தில் பெர்லினில் ஒலிப்பதிவு முடிந்தபின், பியானோ கலைஞர் ஆஞ்சலா ஹியூவிட்டின் நான்கு பெடல் ஃபாசியோலியைத் தூக்கிச் சென்றவர்கள் கீழே போட்டுவிட்டார்கள். இரும்புச் சட்டம் உடைந்துபோனது. அதைப் பார்த்த நிறுவனர் பாவ்லோ ஃபாசியோலி, சரிசெய்வதில் பொருளில்லை என்று சொல்லிவிட்டார். எனவே ஏற்றும் முன்பே காப்பீடு எடுத்து, தொகை மாற்றுக் கருவியின் இன்றைய விலைக்கு ஈடாகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பின் பெரிய எதிரி ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கம். பியானோவுக்கு 40 முதல் 50 விழுக்காட்டை ஒட்டிய நிலையான ஈரப்பதம் உகந்தது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர நகரங்களில் அது பெரும்பாலும் 70 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. டொராண்டோவின் குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் 30-க்கும் கீழே போகிறது. பகலில் குளிரூட்டியை ஓட்டி இரவில் நிறுத்தும் பழக்கம் நாள்தோறும் மரத்தை விரித்துச் சுருக்குவதால், எப்போதும் சற்றே ஈரமாக இருப்பதைவிடக் கேடு செய்யும். அறையில் ஈரமானி ஒன்று வைத்து, ஈரம் மிகுந்த ஊரானால் ஈரம் குறைக்கும் கருவியைத் தொடர்ந்து இயக்குங்கள். பியானோவுக்கு அடியில் பொருத்தும் ஈரக் கட்டுப்பாட்டு அமைப்பும் கிடைக்கிறது. வெளிச்சுவரையும் நேர் வெயிலையும் தவிர்த்து வையுங்கள்.

வந்திறங்கிய அன்றே டியூனரை அழைக்க வேண்டாம். மரம் புதிய அறைக்குப் பழக இரண்டு மூன்று வாரம் விட்டு முதல் சுருதி சேர்க்கலாம். புதிய கம்பிகள் நீண்டுகொண்டே இருக்கும் என்பதால் முதலாண்டில் நான்கு முறையாவது, பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்க வேண்டும். வாசிக்க வாசிக்கச் சுத்தியல் கம்பளி இறுகி ஒலி கூர்மையாகும். முதலாண்டு முடிவில் ரெகுலேஷனுக்கும் வாய்சிங்குக்குமாக ஒரு முழுநாளை ஒதுக்கும்படி தொழில்நுட்பரிடம் முன்பே பேசி, அதற்கான செலவையும் வாங்கும் தொகையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.